வெக்கை தாங்காத பிள்ளையும் வெக்கை தெரியாத பிள்ளையும்: ஓட்டிசம் உள்ள வீடுகளுக்கு யாழ்ப்பாணத்து வெயில்கால வழிகாட்டி

ஓட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று மத்தியானம் படலையடியில் நின்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. இன்னொரு பிள்ளை அதே நேரம், அதே வெயிலில், வெறுங்காலோடு முற்றத்து மணலை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு இருக்கிறது. முகம் சிவந்து விட்டது, உதடு காய்ந்து விட்டது, ஆனால் வாயிலிருந்து ஒரு முறைப்பாடு இல்லை. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது முதல் பிள்ளையை. கூடுதல் ஆபத்தில் இருப்பது இரண்டாவது பிள்ளை.

உங்கள் பிள்ளை இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தொப்பி, குடை, ஃபான் எல்லாம் அதற்குப் பிறகு. ஒளி கூசுகிற பிள்ளைக்கு வாங்கிய பொருள் தாகம் தெரியாத பிள்ளைக்கு உதவாது. சில பிள்ளைகள் இரண்டும் கலந்தவை: வெளிச்சத்துக்குக் கூசும், சூட்டை உணராது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதிக கவனம் வேண்டும்.

இது செல்லமோ பிடிவாதமோ இல்லை. ஓட்டிசத்தை வரையறுக்கும் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 2013 இல் வந்த ஐந்தாம் பதிப்பில், புலன் உணர்வு கூடுவதையும் குறைவதையும் அடையாளங்களுக்குள் சேர்த்தது. நோவையும் சூடு குளிரையும் கண்டுகொள்ளாமல் இருப்பது அங்கே உதாரணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. தாகம், வியர்வை, உடம்புச் சூடு, சிறுநீர் முட்டுவது எல்லாம் உடம்புக்குள் இருந்து மூளைக்குப் போகும் செய்திகள். சில பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி மிகப் பெரிதாகக் கேட்கிறது, சில பிள்ளைகளுக்குக் கேட்பதே இல்லை. வெயில் ஓட்டிசத்தை உண்டாக்குவதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. ஏற்கெனவே சத்தத்தாலும் மணத்தாலும் நிரம்பியிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சுமை.

எந்த மாதம், எந்த மணி

வியர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை. அது காய்வதால்தான் குளிர்கிறது. யாழ்ப்பாணம் மூன்று பக்கமும் கடல்நீர் சூழ்ந்த இடம், காற்றில் ஈரம் அதிகம், ஆகவே காற்று அடித்தால்தான் வியர்வை காயும். ஆனி, ஆடியில் வெயில் கொளுத்தினாலும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுவதால் நிழலில் இருந்து தப்பலாம் (தூசி வேறு கரைச்சல், கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்). உண்மையில் மோசமான காலம் காற்று விழுந்துபோகும் இரண்டு இடைவெளிகள்: பங்குனி, சித்திரை, பிறகு சோளகம் ஓய்ந்து மாரி தொடங்காத புரட்டாதி, ஐப்பசி. அந்தப் புழுக்கத்தில் மேகம் மூடியிருந்தாலும் பிள்ளை குழம்பும். வெயில் இல்லையே, பிறகு ஏன் என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் மதியம் 12.10 மணியளவில் ஆளின் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். மதிலோரமாக நடந்தால் நிழல் கிடைக்கும் என்ற கணக்கு அப்போது சரிவராது. குடை அல்லது மரம் மட்டும்தான். காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை வெளி வேலை எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும் நாட்களில் அதை ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் நீட்டுங்கள்.

முதல் படி: ஒரு கிழமைக் கணக்கு

ஒரு கொப்பி எடுங்கள். சுவரில் தொங்கவிடும் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஈரப்பதமும் காட்டும் சிறிய டிஜிற்றல் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அதைப் பிள்ளையின் தலை உயரத்தில் மாட்டுங்கள், உங்கள் உயரத்தில் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே தலைக்கு மேலும் தரைக்குக் கிட்டவும் சூடு ஒன்றல்ல.

ஏழு நாளும் காலை 7, மதியம் 12.30, பின்னேரம் 4, இரவு 7 மணிக்கு எழுதுங்கள்: அறையின் சூடு, வெளிச்சம் அதிகமா குறைவா, ஃபான் ஓடியதா, என்ன உடுப்பு, அதற்கு முன் எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர் போனது, சிறுநீர் போனதா, நிறம் என்ன, பிள்ளை எப்படி இருந்தது. கடைசி வரியில் "குழப்படி" என்று எழுத வேண்டாம், அதிலிருந்து எதுவும் தெரியாது. கண்டதை எழுதுங்கள்: சட்டையை இழுத்தது, சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தது, கையைக் கடித்தது, வழக்கமாகப் பேசும் சொற்களும் வரவில்லை, காது சிவந்தது.

கதைக்காத பிள்ளையிடம் வெக்கை பெரும்பாலும் இப்படித்தான் பேசும். குளிர்ந்த தரையைத் தேடிப் படுக்கும் பிள்ளை தன் வைத்தியத்தைத் தானே செய்கிறது; "நிலத்தில படுக்காதை, ஊத்தை" என்று எழுப்பி விடாதீர்கள்.

இரண்டாம் படி: குற்றவாளி எது

வெயில் என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது நான்கு விசயம் இருக்கிறது: வெளிச்சம், சூடு, வியர்வையின் ஈரம், வெயிலுக்காக நாம் மாட்டிவிடும் பொருட்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பாருங்கள்.

காலை 7.30 மணி, சூடு இல்லை, வெளிச்சம் உண்டு: கிழக்குப் பார்த்த விறாந்தையில் பத்து நிமிடம். கண்ணை இறுக்கி, தலையைக் குனிந்து, மூக்கைச் சுளித்தால் வெளிச்சம்தான் காரணம். வெள்ளைச் சுண்ணாம்பு மதில், கடற்கரை மணல், சீமெந்து முற்றம் எல்லாம் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். இரவு 7 மணி, இருட்டு, ஆனால் அறை இன்னும் 32 பாகையில்: இப்போதும் அதே குழப்பம் என்றால் சூடு. நிழலும் காற்றும் இருக்கும் இடத்தில் ஓடி விளையாடி வேர்த்த ஐந்தாவது நிமிடம் தொடங்கினால் வியர்வை. அந்தப் பிள்ளைக்கு முதுகில் ஒட்டும் சட்டைதான் நரகம், உலர்ந்த பெனியன் ஒன்று மாற்றினால் அடங்கிவிடும். தொப்பியைக் கழற்றியதும் அடங்கினால் காரணம் தொப்பி.

எதற்குமே முகம் மாறவில்லை, வெயிலில் அரை மணி நேரம் நின்றும் தண்ணீர் கேட்கவில்லை என்றால், அதுவும் ஒரு விடைதான். அந்தப் பிள்ளைக்குத் தாகத்தை நம்ப முடியாது, மணிக்கூட்டைத்தான் நம்ப வேண்டும். சூட்டைச் சோதிக்கச் சுடுதண்ணீரைத் தொடவிட்டுப் பார்ப்பதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள்.

வெயில் பட்ட சில நிமிடத்தில் தோல் எரிந்து தடிக்கிறது, கொப்புளிக்கிறது, அல்லது வெயில் பட்ட இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பொரிகிறது என்றால் அதை ஓட்டிசத்தின் கணக்கில் போட வேண்டாம். தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டிய விசயம் அது. வெளிச்சத்துக்குக் கூச்சம் திடீரென்று புதிதாக வந்தால் கண் வைத்தியர்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் ஒரு குளிர்ந்த மூலை

முழு வீட்டையும் குளிராக்கக் காசு கரையும். ஆறடிக்கு ஆறடி இடம் ஒன்று போதும். கீழ்த்தளம், மேற்குச் சுவரைத் தொடாத பக்கம், சீமெந்து அல்லது ரைல்ஸ் தரை. மேற்குச் சுவர் பின்னேரம் முழுதும் வெயில் குடித்து இரவு பத்து மணி வரை அதைத் திருப்பிக் கொடுக்கும். பிள்ளையின் கட்டில் அந்தச் சுவரோடு இருந்தால் இன்றே இழுத்து விடுங்கள், செலவில்லாத வேலை.

ஜன்னலுக்கு உள்ளே தடித்த திரைச்சீலை போடுவதுதான் பலர் செய்வது. வெளிச்சத்துக்கு அது சரி. சூட்டுக்குச் சரியில்லை, ஏனென்றால் வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் சீலையில் படுகிறது. வெளியே மறைத்தால்தான் பலன்: கிடுகுத் தட்டி, பனையோலைத் தட்டி, அல்லது நாற்றுமேடைக்குக் கட்டும் பச்சை வலை. ஜன்னலிலிருந்து ஒரு அடி தள்ளிக் கட்டினால் இடையில் காற்றும் ஓடும். தகரக் கூரை என்றால் மேலே கிடுகு பரப்புவதைப்போல் மலிவான மருந்து வேறு இல்லை, ஆனால் அடுப்படிப் புகைக்கூட்டுப் பக்கம் பரப்ப வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் மேலே ஏறாதீர்கள், துளைக்கவும் உரஞ்சவும் வேண்டாம். கீழே சீலிங் அடிப்பதே நல்லது.

ஃபான் விசயத்தில் இரண்டு பிழை நடக்கிறது. பழைய பெட்டி றெகுலேற்றர் குறைந்த வேகத்தில் "ம்ம்ம்" என்று இரையும். நமக்குக் கேட்காது, பிள்ளைக்குக் கேட்கும். ஃபான் போட்டால் காதைப் பொத்தும் பிள்ளைக்கு முதலில் றெகுலேற்றரை மாற்றிப் பாருங்கள், பிறகு ஃபான் கோப்பையின் ஆணியை இறுக்குங்கள். இரண்டாவது, காற்றை நேரே முகத்துக்கு அடிப்பது. மேசை ஃபானைக் காலுக்கோ சுவருக்கோ திருப்பி வையுங்கள். அறை 35 பாகையைத் தாண்டினால் வெறும் ஃபான் சூட்டுக் காற்றைத்தான் சுற்றும். அப்போது கை, கால், கழுத்தில் ஈரத் துவாயால் ஒற்றிவிட்டுக் காற்று வாங்க வேண்டும். ஜன்னலில் ஈரச் சேலை கட்டுவது காற்று ஓடும் அறைக்கு மட்டும். மூடிய அறையில் கட்டினால் ஈரம் கூடிப் புழுக்கம் இரட்டிப்பாகும். மின்சாரம் நின்றால்? பனையோலை விசிறி ஒன்று மூலையிலேயே தொங்கட்டும், அதைத் தானே விசிறப் பழகிய பிள்ளை பாதி வென்றுவிட்டது.

மூலையில் ஒரு பன்பாய், தண்ணீர்க் கோப்பை, ஈரத் துவாய், பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொருள். பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது தினமும் ஐந்து நிமிடம் அங்கே கூட்டிப்போய் இருங்கள். குழப்படிக்குத் தண்டனையாக அங்கே விட்டீர்களானால் அந்த மூலை அன்றோடு கெட்டது.

குளிப்பு. கூரைத் தாங்கியிலிருந்து மத்தியானம் குழாய்க்கு வரும் முதல் தண்ணீர் கை சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். திறந்து ஓடவிட்டு, உங்கள் மணிக்கட்டில் பார்த்த பிறகுதான் பிள்ளை. ஒருமுறை சுட்டால் அடுத்த ஆறு மாதம் குளியலறைக்குள் வராது. கிணற்றுத் தண்ணீர் மறுபக்கம்: திடீரென்று தலையில் ஊற்றினால் அதிர்ந்துபோகும். பாதத்தில் ஒரு கோப்பை, முழங்கால், கை, தோள், கடைசியில் தலை. எத்தனை கோப்பை என்று எண்ணிச் சொல்லி ஊற்றுங்கள். எண்ணிக்கை முடிந்ததும் நிறுத்த வேண்டும், "இன்னும் ஒண்டு" வேண்டாம்.

நான்காம் படி: தண்ணீர்

நாளொன்றுக்குக் குடிக்கும் அளவு 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்குச் சுமார் 1.2 லீற்றர், 9 முதல் 13 வயதுக்கு 1.6 முதல் 1.8 லீற்றர். வெளியே வேர்த்து விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 150 மில்லிலீற்றர் மேலதிகமாக. சிறுநீரகம், இதய நோய் இருந்தால் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் லீற்றர் கணக்கில் குடிக்கவிடுவதும் பிழை, இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும்.

500 மில்லிலீற்றர் போத்தலில் அழியாத பேனையால் ஐந்து கோடு போடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு கோடு. "தண்ணி குடிச்சனியா" என்று கேட்பதில் பயனில்லை, "ஓம்" என்றுதான் விடை வரும். கோட்டைப் பாருங்கள்.

பிள்ளை தண்ணீரை மறுத்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறுபவை. சில இடத்தில் கடினம், சில இடத்தில் சவர். பங்குனி, சித்திரையில் கிணறு வற்ற வற்றச் சவர் கூடும். நாக்கு நுட்பமான பிள்ளை அந்த வித்தியாசத்தை நமக்கு முன்பே பிடித்துவிடும். அம்மம்மா வீட்டில் குடிக்கிறது, இங்கே குடிக்கவில்லை என்றால் காரணம் பாசம் மட்டும் இல்லை. ஒரே கிணறு, ஒரே போத்தல், ஒரே குளிர்ச்சி என்று நிலையாக வையுங்கள். வெளியே போகும்போது வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோங்கள். பிளாஸ்ரிக் போத்தல் வெயிலில் சூடானால் மணம் வரும், அதுவும் மறுக்கக் காரணம். ஈரத் துணி சுற்றிக் கொண்டு போகலாம், அல்லது எவர்சில்வர்.

இளநீர், மோர், வத்தகப்பழம், வெள்ளரிப்பழம், நுங்கு எல்லாம் கணக்கில் சேரும். நுங்கின் வழுவழுப்பு சில பிள்ளைகளுக்கு ஓங்காளம் தரும், வற்புறுத்த வேண்டாம். கொதித்தாறிய தண்ணீரில் தேசிக்காய், கொஞ்சம் சீனி சேர்த்து வீட்டிலேயே ஐஸ்பழம் உறைய வைத்தால், கோப்பையில் குடிக்க மறுக்கும் பிள்ளைகூட 60, 70 மில்லிலீற்றர் உள்ளே இழுத்துவிடும். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் பைக்கற்றை அன்றாடப் பானமாகக் கொடுக்காதீர்கள், அது வயிற்றோட்டம், வாந்தி, மிகையான வியர்வைக்கு உரியது. பைக்கற்றில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் கரைக்க வேண்டும், உவர்ப்புப் பிடிக்கவில்லை என்று சீனி சேர்க்கக்கூடாது, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: உடுப்பு, தொப்பி, கிறீம்

பள்ளிச் சீருடைத் துணியில் பொலியெஸ்ரர் கலந்திருந்தால் வியர்வை உள்ளேயே நிற்கும். முடிந்தால் முழுப் பருத்தி. புதுச் சட்டையை மூன்று நான்கு தடவை தோய்த்த பிறகு போடுங்கள். கஞ்சி போட வேண்டாம், விறைத்த கொலர்தான் முதல் சண்டையைத் தொடங்கும். கழுத்து லேபலை வெட்டினால் போதாது, மிச்சம் நிற்கும் அடிக்கட்டை இன்னும் குத்தும். தையலைப் பிரித்து எடுங்கள். வேர்க்குரு வந்தால் வாசனைப் பவுடரை அப்பிப் பூசாதீர்கள், வியர்வையோடு குழைந்து துவாரத்தை அடைக்கும்.

சித்திரை வெயிலில் முழுக்கை ஜக்கற்றைக் கழற்ற மறுக்கும் பிள்ளைகள் உண்டு. பறித்துக் கழற்றினால் நாளை இரண்டு ஜக்கற் போடும். அது உடம்பைச் சுற்றி இறுக்கமாக இருப்பதில் ஆறுதல் காண்கிறது, சூடு அதற்குத் தெரியவில்லை. அதே நிறத்தில், அதே நீளத்தில் மெல்லிய பருத்தி முழுக்கைச் சட்டை தையுங்கள். உள்ளே இறுகிய பருத்திப் பெனியன், அந்த இறுக்கத்தை அது கொடுக்கும். முதல் கிழமை வீட்டில் மாலையில் மட்டும், இரண்டாம் கிழமை காலையிலும், மூன்றாம் கிழமை வெளியே. இடையில் ஜக்கற் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கட்டும், ஒளித்தால் தேடும்.

தொப்பிக்குச் சுற்றிவர 7 முதல் 8 சென்ரிமீற்றர் விளிம்பு வேண்டும். முன்பக்கம் மட்டும் நீண்ட கிரிக்கெற் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். பனையோலைத் தொப்பி காற்றோட்டத்துக்கு மிக நல்லது, ஆனால் உள்விளிம்பு குத்தும். பழைய பருத்தி வேட்டித் துண்டை உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள். முதல் நாள் பிள்ளை கையில் வைத்து விளையாடட்டும். இரண்டாம் நாள் உங்கள் தலையில். மூன்றாம் நாள் அதன் தலையில் ஐந்து எண்ணும் வரை, பிறகு பத்து, பிறகு விறாந்தைக்குப் போய்வரும் வரை. எந்தத் தொப்பியும் ஏறாத பிள்ளைக்குக் குடைதான். கறுத்தக் குடை ஒளியை நன்றாக மறைக்கும்.

கறுப்புக் கண்ணாடி வாங்கினால் புற ஊதாக் கதிரைத் தடுப்பது என்று எழுதியிருக்க வேண்டும், "யுவி 400" என்ற அடையாளம் அதற்குத்தான். தெருவோரம் விற்கும் வெறும் கறுத்தப் பிளாஸ்ரிக் கண்ணாடி ஒன்றும் போடாமல் இருப்பதைவிடக் கெடுதி. இருட்டில் கண்மணி விரியும், தடுக்கப்படாத கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

வெயில் கிறீம் கடைசி ஆயுதம்தான். கழுத்து மூடிய மெல்லிய சட்டை அதைவிட நம்பகமானது, வியர்வையில் கரையாது. தேவைப்பட்டால் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், வாசனை இல்லாதது. உள்முழங்கையில் சிறு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள். வெளியே போக 20 நிமிடம் முன்பு, பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. மெல்லத் தடவுவது பல பிள்ளைகளுக்குக் கூச்சம், உள்ளங்கையால் அழுத்தி ஒற்றினால் தாங்கிக்கொள்ளும்.

வெயிலுக்குப் பயந்து வருடம் முழுதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும், மீன், முட்டை, பால் மூன்றையும் தொடாத பிள்ளைக்கு விற்றமின் டி குறைய வாய்ப்பு உண்டு. கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வெளியே போகும்போது

பஸ்ஸில் எந்தப் பக்கம் இருப்பது என்பது சின்ன விசயமாகத் தெரியும், அரை மணி நேர அழுகையைத் தீர்மானிப்பது அதுதான். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைப் பக்கம் போகும் பஸ் வடக்கே போகிறது: காலையில் வெயில் வலப்பக்கம், ஆகவே இடப்பக்கச் சீற். பின்னேரம் அதே திசை என்றால் வலப்பக்கம், சாரதியின் பக்கம். பட்டினத்துக்கு வரும்போது இரண்டையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். றெக்சின் சீற்றில் வெறுந்தொடை ஒட்டும், ஒரு துவாயை விரியுங்கள். வெயிலில் நின்ற மோட்டார்சைக்கிளின் சீற்றும் புகைக்குழாயும் சூடு தெரியாத பிள்ளைக்குத் தழும்பு போடும் பொருட்கள். காருக்குள் "ஒரு நிமிசம்" என்று விட்டுப் போகாதீர்கள், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழப் பத்துப் பாகை ஏறும்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போதும், ஓட்டிசம் பற்றிய விளக்கவுரை யாரும் வாசிக்க மாட்டார்கள். கேட்க வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: காலைக் கூட்டத்தில் நிழலில் நிற்க விடுவது, ஜன்னலுக்கு நேரே இல்லாத இருக்கை, பாடத்துக்கு ஒரு கோடு தண்ணீர், கழுத்துப்பட்டி கட்டுவதிலிருந்து விலக்கு, பையில் இருக்கும் மாற்றுப் பெனியனை இடைவேளையில் மாற்ற அனுமதி. தை, மாசியில் வரும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய பயிற்சி நாட்கள்தான் போட்டி நாளைவிடக் கடினம். அன்றைக்குப் பந்தல் இருக்கும், பயிற்சிக்கு இராது. பள்ளி விட்டு 1.30 க்கு வெயில் உச்சத்தில் வீடு வரும் பிள்ளையிடம் உடனே கேள்வி கேட்காதீர்கள், சாப்பாடும் வேண்டாம். சட்டை மாற்றி, தண்ணீர் கொடுத்து, மூலையில் இருபது நிமிடம். வீட்டுப்பாடமும் ரியூசனும் அதற்குப் பிறகு.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆடி, ஆவணியில், சூரியன் திரும்ப உச்சிக்கு வரும் காலத்தை ஒட்டி வருகிறது. வீதி மணலில் செருப்பு இல்லாமல் நடக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் உள்ளே போக மேற்சட்டை கழற்ற வேண்டும், அடுத்தவரின் வியர்வைத் தோள் உரசும். விடிகாலைப் பூசை, அல்லது பொழுது பட்ட பிறகு, இரண்டில் ஒன்று. தேர் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தூரத்து நிழலிலிருந்து பார்த்துவிட்டு வெயில் ஏறமுன் திரும்புங்கள். சுடுமணலில் பாதம் கொப்புளித்தும் சொல்லாத பிள்ளையை மணல் தொடங்கும் இடத்திலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும், தூக்க முடியாத வயது என்றால் உங்கள் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

மருந்து குடிக்கும் பிள்ளைகள்

இதைப் பல வீடுகளில் யாரும் சொல்லி வைப்பதில்லை. கொந்தளிப்பை அடக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகள் உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குழப்பலாம். அவற்றால் வரும் தசை விறைப்புக்குக் கொடுக்கும் பென்ஸ்ஹெக்சோல் வியர்வையைக் குறைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் டோபிரமேட்டும் அப்படியே, குறிப்பாகச் சிறுவர்களில். குளோர்புரோமசின், டொக்சிசைக்கிளின் போன்றவை தோலை வெயிலுக்கு இலகுவில் கருகச் செய்யும். கொதிக்கும் நாளில் பிள்ளையின் தோல் உலர்ந்து சூடாக இருக்கிறது, வியர்வையே இல்லை என்றால் அது நல்ல அறிகுறி இல்லை.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது வெக்கையைவிட ஆபத்து. அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கிழமைக் கொப்பியைக் கொண்டுபோய், "இந்த மருந்து வியர்வையைக் குறைக்குமா, வெயில் காலத்தில் நான் எதைக் கவனிக்க வேண்டும்" என்று நேரடியாகக் கேளுங்கள். மருந்துப் போத்தலை ஜன்னலோரத்திலும் மோட்டார்சைக்கிள் பெட்டியிலும் வைக்க வேண்டாம், பெரும்பாலானவை 30 பாகைக்குக் கீழே வைக்க வேண்டியவை.

வெக்கை ஏறிவிட்டால்

மனக்கொந்தளிப்பையும் வெப்பப் பாதிப்பையும் பிரித்தறிவது கடினம், இரண்டும் ஒன்றாகவும் வரும். வெளியிலிருந்து பார்த்துக் குழம்பிக்கொண்டு நிற்காமல் இரண்டுக்கும் ஒரே முதல் வேலையைச் செய்யுங்கள்: நிழல், சத்தம் குறைவான இடம், உடுப்பைத் தளர்த்துதல், ஈரத் துவாய், காற்று, விழுங்க முடிந்தால் மிடறு மிடறாகத் தண்ணீர். பேச்சைக் குறையுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் படிப்படியாக அடங்கினால் நல்லது. வாந்தி, தள்ளாட்டம், தலையைப் பிடித்தல், அசாதாரண மௌனம், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாமை இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை.

ஆளை அடையாளம் தெரியவில்லை, உளறுகிறது, வலிப்பு வருகிறது, எழுப்ப முடியவில்லை, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது: இது வெப்பவாதம், உள்ளுடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை காத்திருக்காமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூச்சம், உடுப்பு நனைவது எல்லாம் பிறகு. பரசிற்றமோல் இந்தச் சூட்டைக் குறைக்காது, கொடுக்க வேண்டாம். நினைவில்லாத வாயில் தண்ணீர் விடக்கூடாது, பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கூடப் போகிறவர் அம்புலன்ஸ் ஊழியரிடம் மூன்று விசயம் சொல்ல வேண்டும்: பிள்ளைக்கு ஓட்டிசம், கதைக்காது அல்லது குறைவாகக் கதைக்கும், குடிக்கும் மருந்து இன்னது. அதை ஒரு மட்டையில் எழுதிப் பள்ளிப் பையிலும் ஒன்று வைத்துவிடுங்கள்.

கிணறு

வெக்கைக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பை யாழ்ப்பாணத்தில் இருக்கும் எவரும் தவறவிடக்கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு, சொல்லாமல் வெளியே போகும் பழக்கமும் உண்டு. சூடு ஏறிய நாளில் குளிர்ச்சியைத் தேடி அது போகும் இடம் தெரிந்ததுதானே. பெரியவர்கள் கண்ணயரும் மத்தியானம் இரண்டு மணி மிக மோசமான நேரம்.

வீட்டுக் கிணற்றுக் கட்டு பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். கட்டோடு ஒட்டித் தோய்க்கிற கல், கவிழ்த்த வாளி, மோட்டார்ப் பெட்டி எதுவும் நிற்கக்கூடாது, அது படிக்கட்டாகும். மேலே இரும்புச் சட்டத்தில் கம்பி வலை மூடி, இரண்டு துண்டாக, ஒன்றைத் திறந்து அள்ளக்கூடியதாக ஒட்டுக்காரரிடம் செய்விக்கலாம். பூட்டுக்கு ஒரு வளையம் வைக்கச் சொல்லுங்கள். வெறும் தகரமோ கிடுகோ போட்டு மூடுவது மூடாததைவிட மோசம், ஏறி நின்றால் உடைந்து போகும். தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டே இல்லை. உங்கள் படலையிலிருந்து பிள்ளை நடந்து போகக்கூடிய கால் மைல் சுற்றுவட்டாரத்தை ஒருநாள் நடந்து பார்த்து, ஒவ்வொரு கிணறு, கேணி, குளத்தையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கிட்டவுள்ளதிலிருந்து வரிசையாக எழுதுங்கள். கட்டில்லாத கிணற்றுக்காரரிடம் நேரே போய்க் கதையுங்கள், அநேகமானோர் ஒரு வேலியாவது அடைத்துத் தருவார்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் றோட்டுக்கும் சந்திக்கும் ஓடுவதற்கு முன் அந்தப் பட்டியலில் உள்ள இடங்களைப் பாருங்கள். பட்டியலின் பிரதி ஒன்று பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும், இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து தொடங்கலாம்.